அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை, வண்டி மட்டும் இடப்பக்கம் போகிறது

#1 புதுச்சாவி

எல்லாருக்கும் வணக்கம். முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கால்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள சின்ன கார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி, இடது முன்சக்கரம் பள்ளத்தில் டொம்மென்று இறங்கியது. ரிம் வளையவில்லை, டயரும் வீங்கவில்லை. ஆனால் இப்போது ஸ்டியரிங்கில் இருந்து கையை லேசாகத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் நகர்கிறது. நேராகப் போக வலப்பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள் வலிக்கிறது.

இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) செய்தாயிற்று. இரண்டு தடவையும் "எல்லாம் பச்சையில் இருக்கிறது சார், இனி ஒன்றும் வராது" என்று தாளைக் கையில் கொடுத்தார்கள். இதற்கு நடுவில் கிளட்ச் வேலை ஒன்று வந்தது, வழக்கமான சர்வீஸும் முடிந்தது. மற்றபடி வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. கடைசித் தாளில் உள்ளவை (° டிகிரி, ' நிமிடம்; 60 நிமிடம் ஒரு டிகிரி):

முன் கேம்பர் (சக்கரத்தின் தலை சாயும் கோணம், உள்பக்கம் என்றால் மைனஸ்): இடது -0°15', வலது -0°45' (அனுமதி -1°15' முதல் +0°15' வரை)
காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்): இடது 3°00', வலது 4°00' (அனுமதி 2°30' முதல் 4°30' வரை)
முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பி நிற்கும் கோணம், முன்விளிம்பு உள்பக்கம் என்றால் பிளஸ்): இரண்டு பக்கமும் +0°05'
பின் டோ: இடது +0°14', வலது +0°10'

பள்ளத்தில் என்ன உடைந்திருக்கும்?

#2 நெடுஞ்சாலை_நாடோடி

முதலில் சாலையைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்று சாலையின் நடு உயரமாகவும் ஓரம் தாழ்வாகவும்தான் போடுவார்கள். ஓரத்து லேனில் கையை விட்டால் எந்த வண்டியும் மெல்ல ஓரம் பக்கம்தான் போகும். சமதளமான பெரிய மைதானம் கிடைத்தால் அங்கே பாருங்கள். கிடைக்காவிட்டால், போக்குவரத்து இல்லாத நேரத்தில் எதிர்ப்பக்கம் சரிவுள்ள லேனில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இடப்பக்கமே போனால் வண்டியில் கோளாறு.

அப்புறம் காற்று. ஓட்டிவிட்டு வந்து சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் நாலு டயரையும் ஒரே கேஜில் பாருங்கள்.

#3 கிரீஸ்கை

மூன்று கேள்வி. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்கிறதா? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கூடுகிறதா? இல்லை, நியூட்ரலில் உருளும்போதும் அதே அளவா?

பிரேக்கில் மட்டும் என்றால் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்), இல்லாவிட்டால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) பின்பக்க ரப்பர் புஷ். ஆக்சிலரேட்டரில் மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட், எஞ்சின் மவுண்ட் பக்கம் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே மாதிரி என்றால் மட்டும் அலைன்மென்ட் பேச்சுக்கு வரலாம். அதற்கும் முன்னால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ரேடியல் டயரில் உள்ளே பெல்ட் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் டயர் கூம்பு மாதிரி ஒரு பக்கமாக உருளும். கண்ணுக்குத் தெரியாது, எந்த மெஷினும் கோணத்தில் காட்டாது. மாற்றிப் போட்டதும் இழுப்பு வலப்பக்கம் தாவினால் குற்றவாளி டயர். பக்கவாட்டில் அம்புக்குறி உள்ள டயர் என்றால் இப்படி மாற்ற முடியாது, முன்னும் பின்னுமாக மாற்றிப் பாருங்கள்.

#4 புதுச்சாவி

இந்த வாரம் முழுக்க இதே வேலை. காற்று நாலிலும் சமம். எதிர்ச் சரிவிலும் இடப்பக்கம்தான், கொஞ்சம் குறைவாக. டயரை மாற்றிப் போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. பிரேக், ஆக்சிலரேட்டர், நியூட்ரல் மூன்றிலும் அதே இழுப்பு. பிரேக் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ரிம்மில் கை வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே சூடு. ஆக பிரேக் ஒட்டவில்லை.

#5 எளியவழி

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? இடது முன் டயரில் மட்டும் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூட்டி வைத்துவிடுங்கள், நேராகப் போகும். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

#6 கிரீஸ்கை

நேராகப் போகும், மறுக்கவில்லை. காற்று குறைந்த பக்கம் வண்டி போகும் என்பதால் அந்தத் தந்திரம் வேலை செய்கிறது. ஆனால் ஈரச் சாலையில் திடீர் பிரேக் போடும்போது இரண்டு முன் டயரும் வேறு வேறு மாதிரி பிடிக்கும். கூடவே ஒன்று நடுவில் தேயும், ஒன்று இரண்டு ஓரத்திலும் தேயும். நோயை விட்டுவிட்டு நோயாளியின் வாயைப் பொத்துகிற வைத்தியம் இது. தயவுசெய்து வேண்டாம்.

#7 வெள்ளைப்பலகை

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, 110-க்கு மேல் சரியாகிவிடுகிறது. அலைன்மென்ட் செய்யலாமா?

#8 கிரீஸ்கை

அது பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது). குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் நடுக்கத்துக்கும் அலைன்மென்டுக்கும் சம்பந்தம் இல்லை. ரிம் வளைந்திருக்கிறதா என்றும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கொண்டு தனி இழை போடுங்கள்.

#9 பழைய_ஸ்பேனர்

புதுச்சாவி தம்பி, உங்கள் தாளை இரண்டு தடவை படித்தேன். பச்சை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தாளைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

கேம்பரும் காஸ்டரும் தனித்தனியாக அனுமதிக்குள் இருந்தால் மட்டும் போதாது. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டியை இழுக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. உங்களுக்குக் காஸ்டரில் முழுசாக ஒரு டிகிரி, கேம்பரில் அந்த அரை டிகிரி விளிம்பு. தாளில் அந்த வரிக்கு நிறமே போட்டிருக்க மாட்டார்கள்.

எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் குழம்புவார்கள். மேசையில் நாணயத்தை உருட்டிவிட்டால் சாய்ந்த பக்கமே வளைந்து ஓடும். சக்கரமும் அப்படித்தான். உங்கள் இரண்டு முன்சக்கரங்களின் தலையும் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதில் வலது அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. வலது சக்கரத்துக்கு உள்பக்கம் என்பது உங்களுக்கு இடப்பக்கம். காஸ்டரும் அப்படியே. காஸ்டர் உள்ள ஒவ்வொரு சக்கரமும் வண்டியின் நடுவை நோக்கித் திரும்பப் பார்க்கும், இரண்டும் சமமாக இருப்பதால்தான் நேராகப் போகிறோம். உங்கள் வலதுக்குக் காஸ்டர் அதிகம், அது ஜெயிக்கிறது. ஆக இரண்டு கோணமும் கூட்டுச் சேர்ந்து வண்டியை இடப்பக்கம் தள்ளுகின்றன.

டோவைப் பற்றி ஒரு வார்த்தை. முன் டோ தப்பாக இருந்தால் டயரைத் தின்னும், வண்டியை இழுக்காது. ஓடும்போது இரண்டு சக்கரமும் அந்தத் தப்பைத் தங்களுக்குள் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். தின்னும் வேகத்தையும் கேளுங்கள்: ஒரு சக்கரம் 10 நிமிடக் கோணம் விலகியிருந்தாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 3 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. உங்களுக்கு இரண்டு தடவையும் செய்தது டோ மட்டும்தான். அதனால்தான் தாள் அழகாக இருக்கிறது, இழுப்பு அப்படியே இருக்கிறது.

#10 கணக்குப்பிள்ளை

பின் டோவில் இடது 14, வலது 10 இருக்கிறதே? பள்ளத்தில் பின்சக்கரமும் விழுந்து பீம் வளைந்திருந்தால், வண்டி நண்டு மாதிரிச் சாய்ந்து ஓடும். ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பி நிற்பதற்கும் அது பொருந்துகிறதே.

#11 பழைய_ஸ்பேனர்

திசை பொருந்துகிறது, அளவு பொருந்தவில்லை. பின் அச்சு தள்ளும் கோணம் இரண்டு பின் டோவின் வித்தியாசத்தில் பாதி: 2 நிமிடம். ஸ்டியரிங் விகிதம் 16 (ஸ்டியரிங் 16 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி) என்று வைத்தால் ஸ்டியரிங்கில் அது 32 நிமிடம், அரை டிகிரி. கண்ணால்கூடப் பிடிக்க முடியாது. அதோடு, பின் அச்சுக் கோணலாக இருந்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்குமே தவிர, இவருடையதைப் போலத் தோளைக் கொல்லும் இழுப்பு வராது. பீமை விட்டுவிடலாம்.

#12 கிரீஸ்கை

அண்ணா சொல்வது சரி. அப்போ இடது லோயர் ஆர்ம் பின்பக்கம் வளைந்திருக்கும். பள்ளத்தில் விழுந்தது அந்தப் பக்கம், காஸ்டர் குறைந்ததும் அந்தப் பக்கம். ஆர்மை மாற்றினால் முடிந்தது.

#13 பழைய_ஸ்பேனர்

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வலதைப் பாருங்கள். அனுமதியின் நடு 3°30'. இடது அதைவிட 30 நிமிடம் குறைவு, வலது 30 நிமிடம் கூட. கேம்பரின் நடு -0°30'. இடது 15 நிமிடம் இப்படி, வலது 15 நிமிடம் அப்படி. இடது ஆர்ம் வளைந்தால் வலது ஏன் எதிர்ப்பக்கம் அதே அளவு நகர வேண்டும்?

தம்பி, தாளின் இரண்டாம் பக்கத்தில் எஸ்.ஏ.ஐ. என்று ஒரு வரி இருக்கும், ஸ்டியரிங் அச்சு உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம். அதைப் போடுங்கள்.

இன்னொரு வேலை. ஸ்டியரிங்கை நேராக வைத்து, இடது முன்சக்கர நடுவில் இருந்து இடது பின்சக்கர நடு வரைக்கும் அளந்து, வலதோடு ஒப்பிடுங்கள்.

#14 புதுச்சாவி

எஸ்.ஏ.ஐ.: இடது 12°30', வலது 13°00'.

அளவுதான் பெரும்பாடு. டேப்பை ஹப்பில் இருந்து ஹப்புக்குப் பிடித்தால் நடுவில் தொய்கிறது. கடைசியில் ஒவ்வொரு ஹப் நடுவிலும் நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, வண்டியை நகர்த்திவிட்டு அளந்தேன். மூன்று முறை அளந்ததில் இடது பக்கம் 7, 8, 8 மி.மீ. குறைவு.

#15 பழைய_ஸ்பேனர்

அருமையான வேலை. இப்போது கூட்டிப் பாருங்கள். இடது: 12°30'-இல் 0°15' போனால் 12°15'. வலது: 13°00'-இல் 0°45' போனால் அதே 12°15'. எஸ்.ஏ.ஐ.யும் கேம்பரும் சேர்ந்த இந்தக் கோணம் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) பூட்டிய ஒரே துண்டுக்குள் அடங்கியது. ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருந்தால் இரண்டு பக்கமும் இப்படி ஒத்துவராது. ஆக அந்தத் துண்டு நல்லபடியாக இருக்கிறது, அது நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

பால் ஜாயின்டில் (ஆர்மும் நக்கிளும் சேரும் உருண்டை மூட்டு) இருந்து ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் வரை 570 மி.மீ. என்று வைத்தால், 30 நிமிடக் காஸ்டர் என்பது பால் ஜாயின்டில் 5 மி.மீ. இடது 5 பின்னால், வலது 5 முன்னால், மொத்தம் 10. சக்கர நடு அதற்கு மேலே இருப்பதால் அங்கே 8 சொச்சம்தான் தெரியும். நீங்கள் அளந்தது 8.

இரண்டு ஆர்மும் போல்ட் போட்டு நிற்பது சப்ஃப்ரேமில் (வண்டியின் முன்பக்க அடியில் போல்ட்டில் பூட்டிய தனிச் சட்டம்). சப்ஃப்ரேம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, இரண்டு மூன்று மி.மீ. வலப்பக்கம் ஒதுங்கியும் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் முதல் பதிவில் போகிற போக்கில் சொன்ன அந்தக் கிளட்ச் வேலை எப்போது நடந்தது? இழுப்பு பள்ளத்துக்கு மறுநாளே வந்ததா, கிளட்ச்சுக்கு அப்புறமா?

#16 புதுச்சாவி

பில்லை எடுத்துப் பார்த்தேன். பள்ளத்துக்கு 11 நாள் கழித்து கிளட்ச். அந்த 11 நாளில் இழுத்ததா என்றால்... சத்தியமாக நினைவில்லை. பள்ளம் மனதில் நின்றுவிட்டது, அதனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிட்டேன் போல.

#17 பழைய_ஸ்பேனர்

பல வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்க சப்ஃப்ரேமையும் இறக்க வேண்டும். அதன் போல்ட் ஓட்டைகள் போல்ட்டைவிடப் பெரியதாக இருக்கும், தொழிற்சாலையில் நடுவாக்கிப் பூட்ட வேண்டும் என்பதற்காக. இறக்கும் முன் குறி போடாமல், ஏற்றும்போது சும்மா தள்ளிப் பூட்டினால் இதுதான் கதி. ஸ்டியரிங் ரேக்கும் (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) பெரும்பாலும் சப்ஃப்ரேம் மேலேதான் உட்கார்ந்திருக்கும், அதனால் ஸ்டியரிங்கும் கோணலாகும், அலைன்மென்டில் டோவைத் திருகி அதை மறைப்பார்கள்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, சப்ஃப்ரேம் போல்ட் வாஷர்களைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

#18 புதுச்சாவி

பார்த்தேன். பின்பக்க இடது போல்டின் வாஷருக்கு ஒரு ஓரத்தில், மூன்றாம் பிறை மாதிரி ஒரு கீற்று. சுற்றிலும் சேறும் துருவும், அந்தப் பிறை மட்டும் பெயின்ட் பளபளப்போடு. இத்தனை வருஷம் வாஷர் மூடியிருந்த இடம் இப்போது வெளியே தெரிகிறது. அகலம் இரண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். வலது போல்டிலும் இருக்கிறது, ஆனால் எதிர்த்திசையில். பக்கத்தில் நின்ற மெக்கானிக் டார்ச்சை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆர்மில் வளைவு இல்லை, புஷ்ஷில் கிழிசல் இல்லை, பால் ஜாயின்டிலும் டை ராட் எண்டிலும் ஆட்டம் இல்லை. இனி எப்படிச் சரிசெய்வது?

#19 பழைய_ஸ்பேனர்

நல்லது, உதிரி பாகச் செலவு பெரிதாக இல்லை. அலைன்மென்ட் மெஷின் மேலேயே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு சப்ஃப்ரேமை நடுவாக்கும் கைடு பின் உண்டா என்று கேளுங்கள், இருந்தால் பாதி வேலை மிச்சம். போல்ட்களைக் கழற்ற வேண்டாம், ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் தளர்த்தி, கம்பியால் மெல்ல நெம்பி, திரையில் கேம்பரும் காஸ்டரும் இரண்டு பக்கமும் சமமாகும் இடத்தில் பிடித்துப் பூட்ட வேண்டும். கேம்பர் திரையில் நேரடியாக ஓடும். காஸ்டருக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி அளக்க வேண்டும், பொறுமை தேவை. அந்தப் பழைய பிறையை வாஷர் மறுபடி மூடுகிறதா என்பதும் நல்ல சாட்சி. பல வண்டிகளில் இந்த போல்ட்கள் ஒரே தடவை இறுக்கும் ரகம், புதுசு போடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

டோ எப்போதும் கடைசி. கேம்பரையோ சப்ஃப்ரேமையோ தொட்டால் டோ தானாக மாறும். முதலில் டோவை வைத்துவிட்டு அப்புறம் மேலே கைவைப்பது, கோலம் போட்டுவிட்டு வாசல் பெருக்குவது மாதிரி.

டோ திருகும்போது ரேக்கின் ரப்பர் பூட் கிளிப்பைத் தளர்த்தினார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும். எதிர்காலத்தில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால், சக்கரம் தொங்கும்போது அந்த போல்டை இறுக்க விடாதீர்கள். வண்டியின் எடை தரையில் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

#20 புதுச்சாவி

நேற்று முடிந்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று, அதில் டோவுக்குப் பத்து நிமிடம்தான். புதுத் தாள்:

கேம்பர்: இடது -0°30', வலது -0°35'
காஸ்டர்: இடது 3°25', வலது 3°35'
முன் டோ: இரண்டும் +0°05'

ஆனால் ஒரு வேடிக்கை. வெளியே எடுத்ததும் வண்டி லேசாக வலப்பக்கம் போனது! நெஞ்சு திக்கென்றது. திரும்பப் போய்ச் சொன்னேன். ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்யமாக்கினார்கள். எலெக்ட்ரிக் ஸ்டியரிங் இத்தனை நாள் இடப்பக்க இழுப்பைப் பழகி எதிர்ப்பக்கம் உதவிக்கொண்டு இருந்ததாம். இப்போது நேர்கோடு.

#21 கிரீஸ்கை

ஆமாம், சில வண்டிகளில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஆர்ம் மாற்றச் சொன்னவன் நான், ஒப்புக்கொள்கிறேன். ஆர்ம் வாங்கியிருந்தால் பணமும் போய் இழுப்பும் மிஞ்சியிருக்கும்.

#22 வெள்ளைப்பலகை

என் நடுக்கம் பேலன்சிங்கிலேயே போய்விட்டது, நன்றி. இன்னொன்று: டோவை மட்டும் வீட்டில் நூல் கட்டிப் பார்க்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?

#23 கணக்குப்பிள்ளை

நம்பலாம், நான் செய்கிறேன். நூலை டயரை ஒட்டிக் கட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. முன், பின் சக்கர அகலம் பல வண்டிகளில் வேறு வேறு. வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரே நீளத்தில் இரண்டு கம்பிகளைக் குறுக்கே வையுங்கள், இரண்டிலும் ஒரே இடைவெளியில் வெட்டுக் குறி போட்டு, ஹப் உயரத்தில் இரு பக்கமும் நூலை இழுத்துக் கட்டுங்கள். பிறகு முன் ஹப் இரண்டில் இருந்தும் நூல் ஒரே தூரம், பின் ஹப் இரண்டில் இருந்தும் ஒரே தூரம் வரும்வரை கம்பிகளை நகர்த்துங்கள். அப்புறம் ரிம்மின் முன் விளிம்பில் இருந்து நூலுக்கு, பின் விளிம்பில் இருந்து நூலுக்கு ஸ்கேலால் அளந்து கழியுங்கள். முன் விளிம்பு நூலில் இருந்து அதிகம் தள்ளி இருந்தால் டோ இன் (சக்கரம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது), எதிராக இருந்தால் டோ அவுட்.

15 இன்ச் ரிம்மின் விட்டம் 381 மி.மீ. அதில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது 9 நிமிடம். அரை மி.மீ. துல்லியம் கைக்கு வந்துவிட்டால் போதும். ரிம் கொஞ்சம் வளைந்திருந்தால் ஏமாற்றும், அதனால் வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். ஜாக்கியில் இருந்து இறக்கிய உடனே அளக்காதீர்கள், சக்கரங்கள் உள்பக்கமாக ஒடுங்கி நிற்கும். முன்னும் பின்னும் ஒரு வண்டி நீளம் தள்ளிவிட்டு அளங்கள்.

#24 பழைய_ஸ்பேனர்

நூலுக்கும் முன்னால் கை இருக்கிறது. டயர் மேல் உள்ளங்கையை வெளி ஓரத்தில் இருந்து உள்ளுக்குத் தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரித் தட்டினால் டோ தப்பு. உள்ளே போகும்போது வழுவழுப்பு என்றால் டோ இன் அதிகம், வெளியே வரும்போது வழுவழுப்பு என்றால் டோ அவுட். பல் இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பர். மேடும் பள்ளமுமாகக் கிண்ணம் கிண்ணமாக இருந்தால் ஷாக் போயிருக்கிறது. கம்பி தெரியும் டயரில் மட்டும் இந்த வேலை வேண்டாம், கை கிழியும்.

#25 புதுச்சாவி

தடவிப் பார்த்தேன், இரண்டு திசையிலும் வழுவழுப்பு. நேற்று நாலு மணி நேரம் ஓட்டினேன், தோள் வலிக்கவில்லை. கிளட்ச் போட்ட இடத்தில் அந்தப் பிறையின் போட்டோவைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு, சுவரில் இருந்த பெயின்ட் மார்க்கரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.